கடையின் சொல்லும் பேச்சுப் பொறியும்

வாணிகத்தில் சரக்குக்கு முன்னே கைமாறுவது சொல். "இந்தச் சாயம் நிற்குமா?" என்று வாங்க வந்தவர் கேட்கிறார், "நிற்கும்" என்று கடைக்காரர் சொல்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கல்லாவில் விழுகிறது. துணியை நனைத்துப் பார்ப்பது பிறகு வீட்டில் நடக்கும் காரியம். ஆகவே, கடையில் இருந்து விடை சொல்பவர் யார், அவர் எதை அறிவார், அவர் சொன்னதற்குப் பொறுப்பாளி யார் என்பவை எந்தக் காலத்திலும் சிறிய கேள்விகள் அல்ல.

இன்று அந்த விடை சொல்லும் வேலையை ஒரு பொறியிடம் ஒப்படைக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. 'சாட்பாட்' என்று அதனை ஊரெங்கும் வழங்குகிறார்கள். நான் இந்தப் பேச்சில் அதனைப் 'பேச்சுப் பொறி' என்று குறிப்பிடுகிறேன். வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினால், கடையில் ஆள் இல்லாத நடுநிசியிலும் உடனே விடை எழுதி அனுப்புவது அது. இரயில் பயணச்சீட்டு விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2018-இலேயே இத்தகைய பொறி ஒன்றைத் தன் இணையதளத்தில் அமர்த்தியது. இப்பொழுது நான்கு பேர் வேலை செய்யும் சிறு கடைகளும் அதை நாடத் தொடங்கியிருக்கின்றன. மாதக் கட்டணம் செலுத்தினால் மறுநாளே வைத்துக் கொடுத்துவிடுவோம் என்று, விற்பவர்கள் சொல்கிறார்கள். வைப்பது எளிதுதான். வைப்பதற்கு முன் கடைக்காரர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் என்ன என்பதையே நான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், இந்தப் பொறி எப்படிப் பேசுகிறது என்பதை அறிந்துகொள்வோம். பேசும் பொறி புதுமையானது அன்று. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966-இல் 'எலைசா' என்னும் பொறி நிரலைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்தார். பெர்னார்டு ஷாவின் நாடகத்தில் பேசக் கற்றுக்கொள்ளும் பெண்ணின் பெயரை அவர் அதற்கு இட்டார். அது மனநல மருத்துவரைப் போலப் பேசியது. "என் தாய்..." என்று ஒருவர் தொடங்கினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்று அது கேட்கும். அதற்குத் தாயும் தெரியாது, குடும்பமும் தெரியாது. எழுதியவரின் சொற்களில் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு, முன்பே எழுதி வைத்த வாக்கியங்களில் பொருத்தித் திருப்பித் தந்தது, அவ்வளவே. ஆயினும் அதன் அமைப்பை நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, தாம் அதனோடு தனியே பேச வேண்டும், சற்று வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாராம். பேச்சு சரளமாக இருந்தால் அதன் பின்னே ஓர் அறிவு இருப்பதாகவே மனித மனம் கொள்கிறது. இந்த இயல்பை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று சந்தையில் இருப்பவை இரு வகை. முதல் வகை, பட்டியல் காட்டும் பொறி. "விலை அறிய 1, பார்சல் நிலை அறிய 2" என்று வரிசை காட்டி, அழுத்தியதற்கு ஏற்ற விடையைத் தருவது. அது எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல்லும் பேசாது. கேள்வி பட்டியலில் இல்லையென்றால் விழிக்கும். ஆனால் பொய் சொல்லாது.

இரண்டாம் வகை, பெருமொழி மாதிரிகளைக் கொண்டு இயங்குவது. இவற்றின் அடிப்படையான அமைப்பைக் கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தபின் உலகம் முழுவதும் இவற்றை அறிந்தது. இவை கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதைக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கின்றன.

இதை விளக்க ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். "காய்கறி வாங்கினேன், கொசுறாகக் கொஞ்சம்..." என்று நான் நிறுத்தினால், உங்கள் மனம் 'கறிவேப்பிலை' என்று நிரப்பிவிடுகிறது அல்லவா? பலமுறை கேட்ட பழக்கம் அது. ஆனால், நான் வாங்கிய அந்தக் கடையில் அன்று கறிவேப்பிலை கொடுத்தார்களா, கொத்தமல்லி கொடுத்தார்களா, ஒன்றுமே கொடுக்கவில்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. பொறியின் நிலையும் இதுதான். "வாங்கிய சேலையை எத்தனை நாளுக்குள் மாற்றலாம்?" என்று கேட்டால், உலகத்துக் கடைகளில் பல ஏழு நாள் என்று எழுதியிருப்பதால், 'ஏழு நாள்' என்று அது இனிமையாகச் சொல்லிவிடக்கூடும். உங்கள் கடை மூன்று நாள் வழக்கமுடையதாக இருக்கலாம். மாற்றும் வழக்கமே இல்லாததாகவும் இருக்கலாம். சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது.

இதற்காகவே, கடையின் செய்திகளை எழுதிய ஏடு ஒன்றை அதனிடம் கொடுத்து, "இதில் உள்ளதைத் தேடி எடுத்து, இதைக் கொண்டே விடை சொல், இதில் இல்லாததற்குத் தெரியாது என்று சொல்" என்று கட்டளையிட்டு அமர்த்துகிறார்கள். இது நல்ல முறை. பிழைகள் பெரிதும் குறைகின்றன, முற்றும் ஒழிந்துவிடுவதில்லை. ஆனால், ஏடு நன்றாக இருந்தால்தான் விடை நன்றாக இருக்கும். அந்த ஏட்டைப் பொறி விற்பவர் எழுதித்தர முடியாது. கடைக்காரர்தாம் எழுத வேண்டும். ஆயத்தம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையில் இந்த ஆயத்தத்தை அருகிலிருந்து காணும் வாய்ப்பும், உடனிருந்து உதவும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தன. முதலாளி, அவர் மகன், பார்சல் கட்டும் இளைஞர், விற்பனையையும் தொலைபேசியையும் கவனிக்கும் ஓர் அம்மையார் என்று நால்வர் நடத்தும் கடை அது. வெளியூர்களிலிருந்து வாட்ஸ்அப் வழியாகக் கேட்டு வாங்குவோர் பெருகிவிட்டனர். அந்த அம்மையார் எதிரே நிற்பவருக்குச் சேலை விரிப்பாரா, கைப்பேசியில் வந்த கேள்விக்கு விடை எழுதுவாரா? இரவு பத்து மணிக்கு வந்த கேள்விக்கு மறுநாள் விடை எழுதும்போது, கேட்டவர் வேறு கடையில் வாங்கிவிட்டிருப்பார். பொறி வைக்கலாம் என்று மகன் சொன்னதற்கு இதுவே காரணம். நியாயமான காரணந்தான்.

முதல் வேலையாக நாங்கள் பொறியைத் தொடவே இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, இரண்டு வாரம் வந்த கேள்விகளையெல்லாம், கேட்டவர் கேட்ட சொற்களிலேயே எழுதி வைக்கும்படி அம்மையாரிடம் கேட்டுக்கொண்டோம். 'சாயம் பற்றிய வினா' என்று சுருக்கி எழுதக் கூடாது, "அக்கா, போன தடவை வாங்கின மெரூன் பாவாடையெல்லாம் சிவப்பாக்கிடுச்சு, இது எப்படி?" என்று வந்தால் அப்படியே எழுத வேண்டும். மக்கள் கேட்கும் விதம் நாம் எண்ணுகிற விதம் அன்று. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கேட்பவர் மிகப் பலர். எழுதாமல் குரலைப் பதிவுசெய்து அனுப்புபவர் பலர். சொல்லே இல்லாமல் ஒரு படத்தை அனுப்பி, அடியில் ஒரு கேள்விக்குறி மட்டும் இடுபவரும் உண்டு. அமர்த்தப் போகும் பொறி இவற்றில் எதை வாங்கிக்கொள்ளும், எதற்குத் திகைக்கும் என்று விற்பவரிடம் கேட்பதற்கு அந்த நோட்டுத்தான் கருவியாயிற்று.

இரண்டு வாரம் கழிந்து நோட்டைப் புரட்டினோம். கேள்விகள் சில குவியல்களாகப் பிரிந்தன. விலை என்ன, இருப்பு உண்டா என்பவை ஒரு குவியல். பார்சல் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்பவை ஒன்று. நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி சேர்ந்ததா, எப்படித் துவைப்பது என்பவை ஒன்று. மாற்றித் தருவீர்களா, பணத்தைத் திருப்புவீர்களா என்பவை ஒன்று. குறை சொல்லி வருந்தி எழுதியவை ஒன்று. இவற்றுக்கெல்லாம் அப்பால், நான் பிறகு சொல்லப்போகும் ஒரு கேள்வி தனியாக நின்றது.

அடுத்த வேலை, விடைகளை எழுதுவது. இது ஒரு மாலைப்பொழுதில் முடியும் என்று கடையினர் எண்ணியிருந்தனர். மாற்றித் தருவது பற்றிய கேள்விக்கு வந்தவுடன் வேலை நின்றுவிட்டது. "பிரிக்காமல் கொண்டுவந்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்றார் முதலாளி. "ஐந்து நாளுக்குள் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார் மகன். அம்மையார் சிரித்தார். "தம்பி, வெளியூர்க்காரங்களுக்குப் பார்சல் போய்ச் சேரவே நாலு நாள் ஆகுது. நான் சேலை கைக்குக் கிடைச்ச நாளிலிருந்து எண்ணிச் சொல்றேன்" என்றார். ஒரே கடை, மூன்று சொற்கள். இத்தனை நாளும் இந்த வேற்றுமை தெரியாமல் இருந்ததற்குக் காரணம், மனிதர் மூவரும் ஆளைப் பார்த்து, நிலைமையைப் பார்த்து விட்டுக்கொடுத்ததே. பொறிக்கு ஆளும் தெரியாது, நிலைமையும் தெரியாது. அதற்கு ஒரே சொல் வேண்டும். அன்று அவர்கள் உட்கார்ந்து, சேலை கையில் கிடைத்த நாள் முதல் ஐந்து நாள், துவைக்காததாக இருக்க வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்றெல்லாம் முடிவு செய்து எழுதினர். பொறி வராமலே போயிருந்தாலும் இந்த ஒரு பக்கம் அந்தக் கடைக்கு இலாபமே.

எழுதும்போது மாறுவன, மாறாதன என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நன்று. துவைக்கும் முறை மாறாதது. முதல் முறை கல்லுப்பு இட்ட குளிர்ந்த நீரில் தனியே நனைக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும் என்று எழுதினால் அது என்றும் நிற்கும். விலையும் இருப்பும் மாறுவன. அவற்றை ஏட்டில் எழுதி வைத்தால், தீபாவளிக்கு முன் எழுதிய விலையைப் பொங்கலுக்கும் பொறி சொல்லிக்கொண்டிருக்கும். விற்றுப்போன சேலையை உண்டு என்று சொல்லும். மாறுவனவற்றைக் கடையின் இருப்புக் கணக்கோடு இணைத்துப் பொறி அவ்வப்போது பார்த்துச் சொல்லும்படி செய்யலாம். அவ்வாறு இணைக்க இயலாவிட்டால், "விலையைக் கடையினர் தெரிவிப்பார்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும்படி செய்யலாம். இரண்டும் நேர்மையான வழிகள். பழைய விலையை உறுதியாகச் சொல்வதுதான் தீய வழி.

தனியாக நின்றது என்று சொன்னேனே, அந்தக் கேள்விக்கு இப்போது வருகிறேன். "இது கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியா?" என்பதே அது.

சுங்குடி என்பது பருத்தித் துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டு, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாகத் தோன்றும் கலை. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த தொழில் அது. 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அவற்றைப் பெண்கள் வீட்டிலிருந்தே கையால் இடுவார்கள். கையால் முடிந்த புள்ளி ஒன்றைப் போல் மற்றொன்று இராது. காலப்போக்கில் மெழுகு அச்சும் திரை அச்சும் வந்தன. அதே புள்ளி விரைவாகவும் மலிவாகவும் துணியில் விழத் தொடங்கியது. கடைகளில் அனைத்தும் சுங்குடி என்ற ஒரே பெயரில் விற்கின்றன.

அந்தக் கடையிலும் அப்படித்தான். யாரேனும் இந்தக் கேள்வியைக் கேட்டால், அம்மையார் சேலையை எடுத்து விரித்து, புள்ளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்வார். பொறிக்கு விரல் இல்லை. இந்தக் கேள்விக்கு அது எதைக் கொண்டு விடை சொல்லும்? ஏட்டில் 'நாங்கள் மதுரைச் சுங்குடி விற்கிறோம்' என்று எழுதியிருக்கும். மதுரைச் சுங்குடி கையால் முடியப்படுவது என்று அது உலக நூல்களில் படித்திருக்கும். இரண்டையும் சேர்த்து, "ஆம், கையால் முடியப்பட்டது" என்று அச்சுச் சேலைக்கும் சொல்லிவிடும். யாரும் பொய் சொல்ல எண்ணாமலே கடை பொய் சொல்லிவிடும். விலை கொடுத்து ஏமாறுபவர் ஒருபுறம். நாட்கணக்கில் விரல் நோக முடிச்சிட்ட பெண்ணின் உழைப்பு அச்சுத் துணியோடு ஒன்றாகிப் போவது மற்றொருபுறம்.

ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு சேலைக்கும் இருப்புக் கணக்கில் 'கை முடிச்சு', 'மெழுகு அச்சு', 'திரை அச்சு' என்று எழுத வேண்டும். கணக்கில் எழுதியிருந்தால் பொறி அதைச் சொல்லலாம். எழுதாததற்கு "கடையினர் பார்த்துச் சொல்வார்கள்" என்று சொல்ல வேண்டும். முதலாளி தயங்கினார். "அச்சு என்று நாமே எழுதினால் யார் வாங்குவார்கள்? பக்கத்துக் கடைக்காரர் எழுதவில்லையே" என்றார். அந்தத் தயக்கத்தை நான் எளிதாக எண்ணவில்லை. அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. இரண்டு நாள் அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது. பிறகு அவரே, "அம்மா இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கடை மூடிப்போய்விடவில்லை. எழுதுங்கள்" என்றார். எழுதினார்கள். அச்சுச் சேலை விற்கத்தான் செய்தது. நாள்தோறும் உடுத்தவும் துவைக்கவும் அதுவே போதும் என்று விரும்பிக் கேட்பவர் பலர் இருந்தனர்.

பொறி சொல்லும் சொல் கடையின் சொல்லே என்பது அறநெறி மட்டும் அன்று. நீதிமன்றங்களும் அந்த வழியிலேயே செல்கின்றன. கனடாவில் பாட்டியின் மறைவுக்காகப் பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவர் ஏர் கனடா விமான நிறுவனத்தின் பேச்சுப் பொறியிடம் கட்டணச் சலுகையைப் பற்றி 2022-இல் கேட்டார். முழுக் கட்டணத்தில் சீட்டு வாங்கிவிட்டு 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொல்லிற்று. நிறுவனத்தின் உண்மையான விதி அதற்கு மாறானது. பணத்தைத் திருப்பித்தர நிறுவனம் மறுத்தது. பொறி சொன்னதற்குப் பொறியே பொறுப்பு என்னும் பொருள்பட அது வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குடிமைத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, ஏறத்தாழ 812 கனடிய டாலர் கொடுக்கப் பணித்தது. தொகை சிறியது, செய்தி பெரியது. அதற்குச் சற்று முன், 2023 டிசம்பரில், கலிபோர்னியாவில் மோட்டார் வண்டி விற்கும் ஒரு கடையின் பொறியைச் சொற்களால் வளைத்து, புதிய வண்டியை ஒரு டாலருக்குத் தர ஒப்புக்கொள்ளும்படி ஒருவர் செய்துவிட்டார். வண்டி அந்த விலைக்குப் போகவில்லை. கடை உலகத்தின் நகைப்புக்கு ஆளாயிற்று. பேரம் பேசும் உரிமையைப் பொறிக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

ஆகவே பொறி எவற்றுக்கு விடை சொல்லும் என்பதைக் காட்டிலும், எவற்றுக்குச் சொல்லாது என்று வரையறுப்பது முதன்மையானது. அந்தக் கடையில் நாங்கள் வரைந்த எல்லை இது: விலை குறைத்தல், பணம் திருப்புதல், கிழிசல் கறை போன்ற குறைகள், கல்யாணத்துக்கு மொத்தமாகக் கேட்டல், கோபத்தோடும் வருத்தத்தோடும் எழுதுதல் ஆகிய அனைத்தும் மனிதரிடமே வர வேண்டும். மனிதர் வேண்டும் என்று வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் கேட்டாலும் பொறி உடனே விலகிக்கொள்ள வேண்டும். விலகும்போது, "காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் உங்களுக்கு எழுதுவோம்" என்று நேரத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தில் எழுதவும் வேண்டும். இன்னும் ஒன்று. பேசத் தொடங்கும்போதே, தான் ஒரு பொறி என்பதை அது சொல்லிவிட வேண்டும். அக்கா என்று விளித்துத் தம் குடும்பச் செய்தியைக் கூறிவிட்டு, பிறகு மறுமுனையில் யாருமே இல்லை என்று அறிந்தால் ஒருவர் மனம் என்ன பாடுபடும்!

சட்டத்தின் பக்கமும் சற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையவழி வாணிகத்துக்கென மைய அரசு 2020-இல் வகுத்த விதிகளின்படி, குறை ஒன்று வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறை பொறியின் பேச்சுக்குள்ளேயே புதைந்துபோனால் இந்தக் கணக்குத் தவறும். ஆதலால் குறைகளைத் தனியே எடுத்துக் காட்டும் வசதி பொறியில் உண்டா என்று முன்பே கேட்டறிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வணிகர்களுக்கு இன்னொரு நியதியும் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரையில்தான் பொறியின் வழியாக விரும்பியவாறு விடை எழுதலாம்; அதன் பின் முன்னரே ஒப்புதல் பெற்ற வாசகங்களை மட்டுமே அனுப்பலாம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அவருடைய உடைமை. 2023-இல் நம் நாட்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லி, வேண்டிய அளவே பெறுவதை வலியுறுத்துகிறது. நாம் பெறும் செய்திகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பொறி விற்பவர் அவற்றைக் கொண்டு என்ன செய்கிறார், ஒப்பந்தம் முடிந்தால் அழித்துவிடுவாரா என்ற மூன்று கேள்விகளையும் எழுத்து மூலமாகவே கேட்டு விடை பெறுவது நல்லது.

ஏடும் எல்லையும் அமைந்த பின்னர்ச் சோதனை. கடையினரே கேட்டுப் பார்த்தால் ஒழுங்காகவே கேட்பார்கள். பொறியும் ஒழுங்காகவே விடை சொல்லும். அதனால் பயன் இல்லை. முன்பு எழுதி வைத்த நோட்டிலிருந்து அந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துக் கேட்க வேண்டும். ஒரே வரியில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கோபமாகக் கேட்க வேண்டும். கடையில் இல்லாத பட்டுச் சேலையைக் கேட்க வேண்டும். "போன வாரம் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னீர்களே" என்று இல்லாததைச் சொல்லி மடக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் எதிரே சரி, தவறு, தெரியாது என்று குறிக்க வேண்டும். இதில் ஒன்றை மறவாதீர்கள்: 'தெரியாது' என்ற விடை தோல்வி அன்று, தெரியாததை உறுதியாகச் சொன்ன விடைதான் தோல்வி. ஒரு வாரம் இவ்வாறு சோதித்துவிட்டு, முதலில் பழைய வாடிக்கையாளர் சிலருக்கு மட்டும் திறந்துவிட்டு, பிறகே எல்லாருக்கும் திறக்க வேண்டும்.

இனி, பலர் மனத்தில் எழுந்தும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பொறி வந்துவிட்டால் அந்த அம்மையாருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி அவர் மனத்திலும் இருந்தது. நோட்டில் எழுதத் தொடங்கிய மூன்றாம் நாள் அவரே என்னிடம், "எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதி முடிச்சிட்டா, அப்புறம் நான் எதுக்குங்க?" என்று கேட்டார். இது கேட்கத் தகாத கேள்வி அன்று. ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு கடைக்காரரும், ஊழியரிடம் அவருடைய அறிவை எழுதி வாங்கும் முன்பே, இதற்கு விடை வைத்திருக்க வேண்டும். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருப்பது நேர்மை ஆகாது.

அந்தக் கடையில் முதலாளி சொன்ன விடை இது. ஏட்டைப் பார்ப்பதும் திருத்துவதும் அம்மையாரின் பொறுப்பு. வாரத்துக்கு ஒருமுறை பொறி எழுதிய விடைகளை அவர் படித்துப் பார்ப்பார்; தவறானவற்றுக்கு ஏட்டைத் திருத்துவார்; அதற்கென நேரமும் அதற்கேற்ற சம்பள உயர்வும் உண்டு. இதை இரக்கத்தால் செய்த ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன், தேவையால் செய்தது. பார்ப்பார் இல்லாத பொறி, தண்ணீர் மாற்றாத பானையைப் போன்றது. விலை மாறும், கூரியர் மாறும், விடுமுறை நாள் மாறும், புதுச் சரக்கு வரும். யாரேனும் ஒருவர் அதற்கு உடையவராக இராவிட்டால், மூன்று மாதத்தில் அது பழங்கதை பேசத் தொடங்கிவிடும். மேலும், புள்ளியைத் தடவிப் பார்த்துக் கை முடிச்சா அச்சா என்று சொல்லும் அறிவு அவர் விரலில் இருக்கிறது. ஏட்டில் இருப்பது அவர் சொன்ன முடிவு மட்டுமே. அடுத்த மூட்டை சரக்கு வந்தவுடன் மீண்டும் அந்த விரல்தான் வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், "எங்கள் கடைக்கு இது வேண்டுமா?" என்று சிலர் எண்ணலாம். எல்லாக் கடைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளொன்றுக்குப் பத்துக் கேள்விதான் வருகிறது என்றால், நன்றாக எழுதிய விடைகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு தட்டில் அனுப்பினால் போதும். சிறு வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலியில் அதற்கு வசதி இருக்கிறது. அதற்கு அடுத்த படி, பட்டியல் காட்டும் பொறி. தாமே வாக்கியம் அமைத்துப் பேசும் பொறி அதற்கும் அடுத்த படி. படிப்படியாக ஏறுவதில் தவறில்லை. ஆனால், எந்தப் படியில் நின்றாலும் முதலில் வேண்டுவது அந்த நோட்டும் அந்த ஏடும். வருகிற கேள்வி என்ன, அதற்கு நம் விடை என்ன, அந்த விடையை நாம் காப்பாற்றுவோமா என்று நான்கு பேர் உட்கார்ந்து ஒத்துப் பேசி எழுதிய கடை, பொறி இருந்தாலும் நன்றாக நடக்கும். இல்லாவிட்டாலும் நன்றாக நடக்கும். அவ்வாறு எழுதாத கடைக்குப் பொறி வாங்கிக் கொடுத்தால், இதுவரை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி வந்ததோடு, நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அதுவும் இரவு பகல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.